புது டிவியில் மயிலைக் காளை நீலமாகத் தெரிகிறது: எதைத் திருத்த வேண்டும்?

கொறங்காட்டுக்காரன், காங்கேயம்:

எல்லோருக்கும் வணக்கம். காங்கேயத்திலிருந்து வெள்ளக்கோவில் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். பத்து நாளுக்கு முன்பு 55 அங்குல 4கே டிவி வாங்கி ஆசாரத்துச் (வீட்டின் கூடத்து) சுவரில் மாட்டியிருக்கிறோம். இதற்கு முன் இருந்தது 21 அங்குலப் பெட்டி டிவி, முதுகு பெருத்தது. பதினேழு வருடம் உழைத்தது. அதில் இவ்வளவு தெளிவு கிடையாது. ஆனால் மனிதர் முகம் மனிதர் முகமாகத் தெரிந்தது.

எங்கள் கட்டுத்தறியில் ஒரு மயிலைக் காளை, அதாவது சாம்பல் நிறக் காளை, நிற்கிறது. கன்றாக இருந்த நாளிலிருந்து நான் தண்ணீர் காட்டி வளர்த்தது. போனில் அதை எடுத்த வீடியோ நிறைய உண்டு. டிவி வந்த அன்று இரவு முதல் வேலையாக அதைத்தான் பெரிய திரையில் போட்டேன். காளை நீலமாக இருந்தது.

இரவு வெளிச்சத்தில் அப்படித் தோன்றுகிறதோ என்று மறுநாள் காலையில் மறுபடியும் போட்டேன். ஆசாரத்து ஜன்னலைத் திறந்தால் கட்டுத்தறி நேர் எதிரே. ஜன்னலில் காளை, சுவரிலும் அதே காளை. மாறி மாறிப் பார்த்தேன். வெளியே நிற்பது மழைக்கு முந்தைய மேகத்தின் நிறம். சுவரில் நிற்பது வேட்டி அலசும் சொட்டு நீலத் தண்ணீரின் நிறம்.

நீலம் ஒன்றுதான் குறை என்றில்லை. மயிலைக் காளைக்குத் திமிலிலும் கழுத்திலும் முன்னங்கால் சப்பையிலும் கருமை ஓடும். அது ஒரே கருப்பு அல்ல. கரியில் தொடங்கிச் சாம்பலில் வந்து கரையும். என் அப்பா எந்தக் காளையைப் பார்த்தாலும் முதலில் அந்தக் கரைசலைத்தான் பார்ப்பார். டிவியில் திமில் முழுவதும் கரிக்கட்டையாக இருக்கிறது. கொம்பைச் சுற்றிச் சுண்ணாம்பு தொட்டு இழுத்ததுபோல் மெல்லிய வெள்ளைக் கோடு. தோலில் மயிர் தெரியவில்லை. மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருக்கிறது.

கேபிளில் பார்த்தாலும் இதே கதை. முகங்கள் அகன்று தெரிகின்றன. செய்திச் சேனலில் அடியில் ஓடும் எழுத்தில் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. கொப்பரை விலை ஓடும்போது எண்ணின் மேல்பாதியை வைத்து மூன்றா எட்டா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. சினிமா போட்டால் ஆட்கள் நடப்பது சீரியலில் நடப்பதுபோல் வழுக்கிக்கொண்டு போகிறது.

பொருத்த வந்த தம்பி இருபது நிமிடத்தில் சுவரில் மாட்டி, ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மெனுவில் நுழைந்து பார்த்தேன். 'விவிட்' என்று இருக்கிறது. பிரைட்னஸைக் குறைத்தேன், திமில் இன்னும் கருத்தது. கூட்டினேன், காளை முழுவதும் சாம்பல் பூத்தது. பழைய பெட்டியில் மூன்று திருகுதான். இதில் மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. இணையத்தில் ஒருவர் இதே மாடலுக்கு எண்களைப் பட்டியல் போட்டிருக்கிறார். அப்படியே போட்டுவிடலாமா? எதை முதலில் தொட வேண்டும், எதைத் தொடவே கூடாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பணம் போட்டு வாங்கிய பொருள் என்பதைவிட, என் காளை எனக்கு அதன் நிறத்தில் தெரிய வேண்டும்.

சால்டரிங் கம்பி, கோபி:

ஐயா, நான் கோபியில் டிவி பழுது பார்க்கிறவன். பெட்டி டிவி காலத்திலிருந்து இதே தொழில். நீங்கள் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. டிவியில் பழுது எதுவும் இல்லை.

முதலில் செட்டிங்ஸில் 'ஸ்டோர் மோட்', 'டெமோ மோட்', 'ரீடெயில் மோட்' என்று எதிலாவது இருக்கிறதா பாருங்கள். கடையில் காட்டுவதற்காக வைத்த நிலை அது. அதில் இருந்தால் நீங்கள் எதை மாற்றினாலும் சிறிது நேரத்தில் பழையபடி திரும்பிவிடும். 'ஹோம் மோட்' ஆக்குங்கள்.

அடுத்து 'விவிட்' அல்லது 'டைனமிக்'கை விட்டு 'சினிமா' அல்லது 'மூவி' என்பதற்குப் போங்கள். சில டிவிகளில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்றே இருக்கும். 2019-இல் டிவி நிறுவனங்களும் படத் தயாரிப்புக்காரர்களும் சேர்ந்து அறிவித்த முறை அது; எடுத்தவர் எப்படி எடுத்தாரோ அப்படிக் காட்டு, மேற்கொண்டு எதையும் செய்யாதே என்பதுதான் அதன் பொருள். இந்த ஒரு மாற்றத்திலேயே உங்கள் குறைகளில் பாதி போய்விடும்.

கொம்பில் தெரியும் வெள்ளைக் கோடு 'ஷார்ப்னஸ்' செய்கிற வேலை. கூர்மை கூட்டுவது என்றால் டிவிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இருளும் ஒளியும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு இழுப்பது. படத்தில் இல்லாத விவரத்தை அதனால் கொண்டுவர முடியாது. கொம்பை மட்டும் பார்த்துக்கொண்டே எண்ணைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். கோடு மறைகிற இடத்தில் நிறுத்துங்கள். பல டிவிகளில் அது பூஜ்யம் அல்லது பத்துக்குள் வரும். ஒரு நாள் மங்கலாகத் தோன்றும், பிறகு பழகிவிடும்.

தோல் மெழுகாவது 'நாய்ஸ் ரிடக்ஷன்' வேலை. புள்ளிகளைத் துடைக்கிறேன் என்று மயிரையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. போன் வீடியோவுக்கும் நல்ல சினிமாவுக்கும் அதை அணைத்துவிடுங்கள். கேபிளுக்கு மட்டும் 'லோ'வில் வைத்துக்கொள்ளலாம்.

பிரைட்னஸ் விஷயத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பெரும்பாலான டிவிகளில் பிரைட்னஸ் என்பது வெளிச்சம் அல்ல. கருப்பு எவ்வளவு கருப்பு என்பதைத் தீர்மானிப்பது. வெளிச்சம் 'பேக்லைட்' என்ற பெயரில் தனியாக இருக்கும். ஆனால் சோனியிலும் அண்மைக் கால சாம்சங்கிலும் பிரைட்னஸ் என்றாலே விளக்குதான். கருப்புக்கு சோனியில் 'பிளாக் லெவல்' என்று வேறு பெயர். உங்கள் டிவியில் எது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு திமில் தெரியும் படத்தை நிறுத்தி வைத்து, கருப்பைக் கூட்டுங்கள். கருமை சாம்பலாக வெளுக்கத் தொடங்கியதும் ஓரிரு எண் பின்னால் வாருங்கள். 'கான்ட்ராஸ்ட்'டுக்கு வெள்ளை வேட்டி கட்டிய ஆள் வெயிலில் நிற்கும் படம் போதும். வேட்டியின் மடிப்பு தெரிய வேண்டும். வெறும் வெள்ளைத் தாளாக இருந்தால் எண்ணைக் குறையுங்கள். 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். திமிலைக் கரிக்கட்டை ஆக்கியது பெரும்பாலும் அதுதான்.

கேபிள் பெட்டியிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிதானே போட்டிருக்கிறார்கள்? பெட்டியில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அந்தக் கம்பிக்கு மாறுங்கள். எழுத்து வெட்டுப்படுவது பழைய பெட்டி டிவிக் காலத்துப் பழக்கம்: படத்தைச் சிறிது பெரிதாக்கி ஓரத்தைத் திரைக்கு வெளியே தள்ளிவிடுவது. எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்', சோனியில் 'டிஸ்பிளே ஏரியா'வுக்குள் 'ஃபுல் பிக்ஸல்'. அதைப் போட்டால் கொப்பரை விலை முழுதாகத் தெரியும். முகம் அகலுவது 4:3 படத்தை 16:9 ஆக இழுப்பதால். பழைய படங்களுக்கு 4:3-யிலேயே விடுங்கள். இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரும். அது குறை அல்ல, படம் அவ்வளவுதான்.

கேபிளில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சேனல் அனுப்புவது அதிகம் போனால் 720-க்கு 576 புள்ளி. உங்கள் திரை 3840-க்கு 2160. கணக்குப் போட்டால் ஒரு புள்ளியை இருபது புள்ளியாக இழுக்க வேண்டும். எந்த டிவியாலும் அதைப் பளிங்குபோல் காட்ட முடியாது. பத்தடி தள்ளி உட்காருங்கள், போதும்.

நிறத்தைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லட்டும்.

காலிங்கராயன் வாய்க்கால், ஈரோடு:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. எங்கள் வீட்டு முன்னறையில் மேற்கு வெயில் நேராக விழுகிறது. மாலை நான்கு மணிக்கு சினிமா மோடில் வைத்தால் திரையில் என் முகம்தான் தெரிகிறது. அந்த நேரத்துக்கு விவிட்தான் உதவுகிறது. அறையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நிறம் பார்ப்பவள், திருப்பூர்:

காங்கேயத்து அண்ணாவுக்கு வணக்கம். நான் திருப்பூரில் ஒரு சாயப் பட்டறையின் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக ஷேடு, அதாவது துணியின் நிறச் சாயல், பார்க்கிறேன். டிவி பழுது பார்க்கத் தெரியாது. ஆனால் வெள்ளை என்றால் என்ன என்று கேட்டால் சொல்ல முடியும். உங்கள் கேள்வியும் அதுதான்.

வாங்குபவர் ஒரு துணித் துண்டு அனுப்புவார். அதே நிறத்தில் நாங்கள் சிறு அளவில் சாயமிட்டு லேப் டிப் செய்து பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வெயிலில் வைத்தோ குழல்விளக்கின் கீழ் வைத்தோ பார்ப்பதில்லை. அதற்கென்று ஒரு விளக்குப் பெட்டி, உள்சுவர் முழுவதும் சாயல் இல்லாத சாம்பல் நிறம். அதில் நான்கைந்து விளக்குகள் உண்டு. டி65 என்பது பகல் வெளிச்சம். டிஎல்84 என்பது ஐரோப்பியக் கடைகளின் குழல்விளக்கு. ஏ என்பது பழைய குண்டு பல்பு. பகலில் ஒட்டிப்போகிற இரண்டு துண்டுகள் குண்டு பல்பின் கீழ் ஒன்று சிவந்தும் ஒன்று பச்சை தட்டியும் நிற்கும். இதில் மாட்டித் திரும்பி வந்த துணி எத்தனையோ. அதனால்தான் எந்த விளக்கு என்று முதலிலேயே பேசி முடித்துவிட்டுத்தான் நிறம் பார்க்கத் தொடங்குவோம்.

டிவிக்கும் அப்படி ஒரு விளக்கு பேசி முடிக்கப்பட்டிருக்கிறது. அதுவும் இதே டி65-தான். கிட்டத்தட்ட 6500 கெல்வின். டிவிக்கும் எச்டி ஒளிபரப்புக்கும் நிறம் சரிசெய்கிற அறையில் இருக்கும் திரையின் வெள்ளை அது. உங்கள் வீட்டுத் திரையின் வெள்ளையும் அதுவாக இருந்தால்தான் அவர்கள் பார்த்த நிறத்தை நீங்களும் பார்ப்பீர்கள். 'விவிட்'டில் டிவி அதைவிட நீலமான வெள்ளையைக் காட்டுகிறது. எல்லாப் படத்தின் மீதும் ஒரு சொட்டு நீலம் விழுகிறது.

ஏன் அப்படி வைக்கிறார்கள் என்றால், நாம் வேட்டிக்கு நீலம் போடுகிற அதே காரணம்தான். நீலம் போட்ட வேட்டி தனியாகப் பார்த்தால் கூடுதல் வெள்ளை. பால் சொம்புக்குப் பக்கத்தில் விரித்துப் பாருங்கள், நீலம் என்று தெரிந்துவிடும். எங்கள் பட்டறையிலும் வெள்ளைத் துணிக்கு வெண்மை கூட்டும் மருந்து போடுகிறோம். கடையில் நாற்பது டிவி வரிசையாக எரியும்போது நீலம் கூடியதுதான் கண்ணை இழுக்கும்.

உங்கள் காளை சாம்பல் நிறமாக இருப்பது நல்லதாகப் போயிற்று. சாயப் பட்டறையில் மிகவும் கடினமான ஷேடு சிவப்போ மஞ்சளோ அல்ல. சாம்பலும் சந்தன நிறமும்தான். சிவப்பில் சிறிது பிசகினால் அது இன்னொரு சிவப்பு. சாம்பலில் இம்மி பிசகினாலும் அது நீலமாகவோ பச்சையாகவோ போய்விடும், கண் உடனே கண்டுபிடித்துவிடும். செவலைக் காளை வைத்திருந்தால் உங்களுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

மெனுவில் 'கலர் டெம்பரேச்சர்' என்று தேடுங்கள். 'கூல், நார்மல், வார்ம்' என்று இருக்கும். 'வார்ம் 2', 'வார்ம் 50', சோனியில் 'எக்ஸ்பர்ட் 1', இவைதான் பொதுவாக டி65-க்கு மிக அருகில் வரும். 'வார்ம்' என்ற பெயரைப் பார்த்து மஞ்சள் கூட்டுகிறது என்று நினைக்க வேண்டாம். நீலத்தை எடுக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. போன் வீடியோவை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். போன் தானாகவே வெள்ளை எது என்று ஊகித்து நிறத்தை மாற்றிக்கொள்ளும். ஓலைக் கொட்டகை நிழலில் எடுத்தால் ஒரு மாதிரி, வெயிலில் எடுத்தால் ஒரு மாதிரி. நல்ல பிரதியாக ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம் போடுங்கள். அதில் நிறமே கிடையாது. ஆகவே திரையில் நீலம் தெரிந்தால் அது டிவி போட்ட நீலம். எளிமையான, நல்ல சோதனை இது.

இணையத்து எண்களில் மோடு, ஷார்ப்னஸ் போன்றவற்றை எடுத்துக்கொள்ளலாம். 'ஒயிட் பேலன்ஸ்' என்று சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனி எண் கொடுத்திருந்தால் அதை மட்டும் எடுக்க வேண்டாம். அது அவர் வீட்டுத் திரையைக் கருவி வைத்து அளந்து கண்ட எண். ஒரே சாயம், ஒரே அளவு போட்டாலும் இரண்டு லாட் துணி ஒன்றாக வருவதில்லை. திரையும் அப்படித்தான்.

கொறங்காட்டுக்காரன், காங்கேயம்:

இருவருக்கும் மிகுந்த நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்தேன். டிவி கடை நிலையில்தான் இருந்திருக்கிறது. ஹோம் ஆக்கி, சினிமா போட்டு, வார்ம் 2 வைத்தேன். கொம்பைப் பார்த்துக்கொண்டே ஷார்ப்னஸைக் குறைத்தேன். ஐம்பதில் இருந்தது, எட்டில் கோடு மறைந்தது. கொப்பரை விலை முழுதாகத் தெரிகிறது. கருப்பு வெள்ளைப் படம் போட்டுப் பார்த்தேன். முதலில் விவிட்டில், பிறகு இதில். தங்கை சொன்னது கண்ணுக்கு முன்னால் நடந்தது. விவிட்டில் கதாநாயகி நீல நிலவொளியில் நிற்கிறாள். மாற்றியதும் வெறும் கருப்பும் வெள்ளையும்.

இரண்டு சிக்கல் பாக்கி. கேபிளில் எல்லாம் சரியான பிறகும் போனிலிருந்து போட்டால் காளை இன்னும் நீலம்தான். இரண்டாவது, அப்பாவுக்கு 78 வயது. காலையில் டிவியைப் பார்த்துவிட்டு, "படத்தில் தூசி படிந்துவிட்டது, துணியால் துடை" என்றார். மாற்றியிருக்கிறேன் என்று சொன்னேன். பழையபடி வை என்கிறார். என் கண்ணுக்கும், மறைக்காமல் சொல்கிறேன், சிறிது மஞ்சளாகத்தான் இருக்கிறது.

சால்டரிங் கம்பி, கோபி:

முதல் சிக்கலுக்குப் பதில்: டிவி ஒவ்வொரு வழிக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளும். கேபிள் வரும் எச்டிஎம்ஐக்கு நீங்கள் மாற்றியது போன் வரும் வழிக்குப் போய்ச் சேராது. 'அப்ளை டு ஆல் இன்புட்ஸ்' என்று இருந்தால் அதை அழுத்துங்கள், இல்லையென்றால் போன் படம் ஓடும்போதே மெனுவைத் திறந்து மறுபடியும் மாற்றுங்கள். இன்னொன்று, புதுப் போன்கள் பல எச்டிஆர் முறையில், அதாவது ஒளிக்கும் இருளுக்கும் இடையே கூடுதல் வித்தியாசம் காட்டும் முறையில், வீடியோ எடுக்கின்றன. அது ஓடும்போது டிவி எச்டிஆருக்கென்று தனிச் செட்டிங்ஸுக்குத் தாவிவிடும். மூலையில் எச்டிஆர் என்று ஒரு சிறு அடையாளம் வந்து மறையும், கவனியுங்கள். அங்கேயும் ஒரு முறை வார்ம் 2 வைக்க வேண்டும்.

சினிமாவில் ஆட்கள் வழுக்குவதைப் பற்றி நேற்று எழுத மறந்துவிட்டேன். சினிமா நொடிக்கு 24 படம். டிவி இடையில் இல்லாத படங்களைத் தானே வரைந்து செருகுகிறது; அதனால்தான் அந்த வழுக்கல். சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ'. சினிமாவுக்கு அணைத்துவிடுங்கள். ரேக்ளா பந்தயமோ கிரிக்கெட்டோ பார்க்கும்போது சிறிது வைத்துக்கொண்டால் தவறில்லை.

நிறம் பார்ப்பவள், திருப்பூர்:

அண்ணா, மஞ்சளாகத் தெரிவது பத்து நாள் நீங்கள் நீலத்தைப் பார்த்துப் பழகியதால். ஆய்வகத்தில் நல்ல ஆரஞ்சு ஷேடு ஒன்றைப் பார்த்து முடித்தவுடன் அடுத்த துண்டை எடுக்க மாட்டோம். சாம்பல் சுவரைச் சிறிது நேரம் பார்த்துக் கண்ணை ஆற வைத்துவிட்டுத்தான் எடுப்போம். எதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோமோ அதையே கண் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். ஒரு வாரம், பத்து நாள் தொடாமல் விடுங்கள். பிறகு ஒரே ஒரு நிமிடம் விவிட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

அறை விளக்கையும் பாருங்கள். இரவில் ஆசாரத்தில் நீல வெள்ளை எல்இடி விளக்கு எரிந்தால் அதற்குப் பக்கத்தில் சரியான திரைகூட மஞ்சளாகத்தான் தெரியும். பாலும் வேட்டியும் கதையேதான்.

ஆழியாற்றுக்கரை ஆசிரியை, பொள்ளாச்சி:

உங்கள் தந்தையார் விஷயம் படித்தவுடன் எழுதத் தோன்றியது. என் அம்மாவுக்கு எழுபது வயது. சென்ற ஆண்டு வலது கண்ணில் மட்டும் கண்புரை அறுவை செய்தோம். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த மறுநாள் டிவி முன்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடுவதும் மறு கண்ணைத் திறப்பதுமாக இருந்தார். என்னம்மா என்றேன். "இந்தக் கண்ணில் பார்த்தால் அவள் கட்டியிருப்பது வெள்ளைச் சேலை, அந்தக் கண்ணில் பார்த்தால் சந்தன நிறச் சேலை. எது உண்மை?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

மருத்துவர் விளக்கினார். வயது ஏற ஏறக் கண்ணில் உள்ள வில்லை மஞ்சள் படிந்து நீல ஒளியைத் தடுக்கிறது. பல வருடமாக மெதுவாக நடப்பதால் நமக்கே தெரிவதில்லை. புது வில்லை வைத்ததும் அந்தக் கண்ணில் நீலம் தடையில்லாமல் வந்துவிடுகிறது. அதனால் உங்கள் தந்தையார் தூசி என்று சொன்னது பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு உண்மையாகவே மங்கலாக இருக்கலாம். திரையின் வெளிச்சத்தை அவர் பார்க்கும் நேரத்தில் சிறிது கூட்டிப் பாருங்கள், நிறத்தை மாற்ற வேண்டாம். இதுவரை கண்ணைக் காட்டியதில்லை என்றால் ஒருமுறை அழைத்துப் போங்கள்.

கொறங்காட்டுக்காரன், காங்கேயம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் சொன்னவர்களுக்கு விவரம் சொல்ல வேண்டியது என் கடமை.

கோபி ஐயா சொன்னது சரி. போன் வீடியோ எச்டிஆரில்தான் வந்துகொண்டிருந்தது. அங்கேயும் மாற்றிய பிறகு காளை அதன் நிறத்துக்கு வந்துவிட்டது. திமிலில் கருமை கரைகிற இடம் தெரிகிறது. கழுத்தடியில் ஆடுகிற அலைதாடியின் மடிப்புத் தெரிகிறது. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன், ஜன்னலையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முற்றிலும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். வெளியே நிற்பதற்கு ஒரு மினுமினுப்பு இருக்கிறது, எண்ணெய் தடவிய வெண்கலம்போல், அது திரையில் வரவில்லை. ஆனால் இது என் காளை. நீலம் இல்லை.

பதினோராம் நாள் விவிட்டைப் போட்டுப் பார்த்தேன். திருப்பூர்த் தங்கை சொன்னபடி ஒரு நிமிடம்கூட உட்கார முடியவில்லை. இதையா பத்து நாள் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று இருந்தது. ஆசாரத்து விளக்கையும் மாற்றிவிட்டேன். ஈரோட்டு அன்பர் சொன்ன வெயில் விஷயத்துக்குப் பகலுக்கு ஒரு வெளிச்சம், இரவுக்கு ஒரு வெளிச்சம் என்று இரண்டு எண் எழுதி ரிமோட்டின் பின்னால் ஒட்டியிருக்கிறேன். விவிட் தேவைப்படவில்லை.

அப்பாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது, இடது கண்ணுக்கு முதலில் செய்யலாம் என்றார்கள். பத்து நாளுக்கு முன்னால் செய்தாயிற்று. ஆசிரியை அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியைப் போடாவிட்டால் அவர் தூசி தூசி என்று சொல்லிக்கொண்டிருப்பார், நானும் திரையைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் பசு ஒன்று ஐந்து மாதத்துக்கு முன்பு காளைக்கன்று போட்டது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்மையாக இருந்து, ஆறு மாத வாக்கில் சாம்பலுக்குத் திரும்பும். இதுவும் செம்மையாகத்தான் துள்ளிக்கொண்டிருந்தது. எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் அது கொழுக்கட்டைப் புல்லில் மேய்வதை முந்தாநாள் எடுத்து நேற்று இரவு டிவியில் போட்டேன். அப்பா கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு, கருப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை திரும்பப் போடச் சொன்னார். மூன்றாம் முறை, கன்று பக்கவாட்டில் திரும்புகிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, எழுந்து திரைக்கு அருகில் போய், விலாவில் விரலை வைத்தார்.

"இங்கே பார், திரும்ப ஆரம்பித்துவிட்டது" என்றார்.

விளக்கை எடுத்துக்கொண்டு கட்டுத்தறிக்குப் போய்ப் பார்த்தேன். கன்று படுத்திருந்தது. வலது விலாவில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்குச் செம்மை வெளுத்து அடியில் சாம்பல் தெரிந்தது. தினமும் தண்ணீர் காட்டுகிறவன் நான், நான் பார்க்கவில்லை.